ஒரு வரி தள்ளி

12 மே 1986

கனகாம்பரம் இன்று இரண்டு கூடை. ஈரச் சாக்குப் போட்டு மூடி அப்பா முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார். நானும் வருகிறேன் என்றேன். பரீட்சை எழுதப் போகிற பிள்ளைக்குக் கூடை தூக்க என்ன வேலை என்று விட்டுவிட்டார். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சவும் விடவில்லை. சும்மா உட்கார்ந்திருப்பதுதான் எனக்கு இப்போது வேலை.

சனிக்கிழமை மதுரையில் என்ட்ரன்ஸ். இன்ஜினியரிங். டியூஷனில் அருள்நாதன் சார் இன்றும் அதையே சொன்னார். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம், நாலு வட்டத்தில் ஒன்றைப் பென்சிலால் கறுப்பாக்கினால் போதும், கம்ப்யூட்டர் திருத்தும். தெரியாத கேள்வி மேல் அடைகாக்காதே, விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ. சாரும் அப்படி ஒரு தாளைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்களில் யாருமே பார்த்ததில்லை. கரும்பலகையில் நாலு வட்டம் போட்டுக் காட்டினார். அதில் ஒன்று முட்டை மாதிரி இருந்ததென்று அப்துல் கையூம் சிரித்து, வெளியே நிறுத்தப்பட்டான்.

17 மே

எழுதியாயிற்று.

மதுரை பஸ் ஸ்டாண்டில் ஜூஸ் கடை வாசலில் எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கேள்வித்தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் அதில் விடைகளை டிக் பண்ணி வைத்திருந்தேன். "பரணி போட்டதுதான் சரி" என்று ஆளாளுக்குத் தங்கள் தாளை என் தாளோடு வைத்துப் பார்த்தார்கள். பொருந்தினால் குதித்தார்கள், பொருந்தாவிட்டால் உட்கார்ந்துவிட்டார்கள். வேடசந்தூர்ப் பையன் ஒருவன் அழுதான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. சொல்வதற்கென்ன.

கையூம் கேட்டான், பதினேழு உனக்கு வந்ததா என்று. முதலில் வரவில்லை, விட்டுவிட்டுப் போய்க் கடைசியில் போட்டேன் என்றேன்.

"நானும் விட்டுட்டுத்தான் போனேன் மாப்ளே. திரும்ப மேல வந்து போடுறதுக்குள்ள பெல் அடிச்சுட்டாய்ங்க. அந்த ஒரு வரி மட்டும் மேல காலியாக் கெடக்கு."

மேலேயா? எனக்கு மேலே எதுவும் காலியாக இல்லை. கீழே, கடைசி வரிதான் காலியாக இருந்தது.

ஜூஸை முழுக்கக் குடித்தேன். என்ன ஜூஸ் என்று இப்போது ஞாபகமில்லை.

18 மே

திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாயிற்று. சந்தேகமே இல்லை.

பதினேழை விட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போனேன். விடைத்தாளில் அடுத்து இருந்த வரியில் அதைப் போட்டேன். அது பதினேழாம் வரி. அப்படியே வரிசையாகப் போய்விட்டேன். வரிக்கு முன்னால் நம்பர் அச்சடித்திருந்தான், அதைப் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒரு வரி மிஞ்சியது. ஆகா, இதுதான் நாம் விட்டது என்று பதினேழின் விடையை நூறாம் வரியில் போட்டேன். பன்னிரண்டு வருசம் இப்படித்தான் எழுதியிருக்கிறோம். விட்ட கேள்வியை விடைத்தாள் கடைசியில் எழுதினால் வாத்தியார் தேடிப் பிடித்து மார்க் போடுவார். கம்ப்யூட்டர் தேடுமா?

பதினேழிலிருந்து எல்லாம் ஒரு வரி தள்ளி.

வயிறு எரிய வேண்டும், இல்லையா? எரியவில்லை. மத்தியானம் கத்திரிக்காய் வெஞ்சனம். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

20 மே

அருள்நாதன் சார் என் கேள்வித்தாளை வாங்கி, நான் டிக் பண்ணினதையெல்லாம் புத்தகம் வைத்துத் திருத்தினார். தொண்ணூற்று நாலு சரி. எழுந்து நின்று கைகொடுத்தார். சார் எனக்குக் கைகொடுத்தது இதுதான் முதல் தடவை. அவர் கை வியர்த்திருந்தது.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே. வாயைத் திறந்தேன், "தாங்ஸ் சார்" என்று வந்தது.

21 மே

சொல்லவில்லை.

23 மே

அப்பா டீக்கடையில் சொல்லிவிட்டார். அங்கே சொன்னால் சாணார்பட்டி வரைக்கும் சொன்ன மாதிரி. பெரியப்பா காத்தமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பாவுக்கு அண்ணன், ஊரில் எந்த மனு எழுதவும் எந்த ஆபீஸ் போகவும் அவர்தான். "நம்ம வம்சத்துல முத இன்ஜினியரு" என்று என் தலையில் கை வைத்தார். "நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு. இனி அந்தக் கடவுளே நெனச்சாலும் தடுக்க முடியாது."

அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். கண்ணு பட்டுவிடுமாம். நெடி வந்தது, தும்மினேன்.

4 ஜூன்

ப்ளஸ் டூ ரிசல்ட். பள்ளிக்கூடத்தில் நான்தான் முதல். கையூம் நாலாவது. எல்லாரும் ஏதோ சொன்னார்கள். காது அடைத்த மாதிரி இருந்தது.

10 ஜூன்

அப்பா கருப்பசாமிக்குக் கிடா நேர்ந்திருக்கிறார். இன்டர்வியூ கார்டு வந்த பிறகு வெட்டலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா கேட்கவில்லை. கார்டு வந்த பிறகு கிடா வெட்டினால் கடனை அடைக்கிற மாதிரி, வருவதற்கு முன்னால் வெட்டினால்தான் சாமியை நம்பினதாக அர்த்தம் என்றார். அப்பாவிடம் இந்த மாதிரி நியாயங்கள் நிறைய உண்டு. வெள்ளிக்கிழமை வைத்திருக்கிறார்.

அதற்குள் சொல்ல வேண்டும்.

13 ஜூன்

வெட்டியாயிற்று.

சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கையூமும் வந்தான். சாமிக்கு வெட்டின கறியை அவன் சாப்பிடமாட்டான் என்று அம்மா தனியாகத் தயிர்சோறு கட்டிவைத்திருந்தாள். சாமியாடி சின்னக்கண்ணு அருள் வந்து என் நெற்றியில் பட்டையாக விபூதி பூசி, "எழுதுனது அம்புட்டும் சரியா இருக்குடா" என்று கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள். சாமி பொய் சொல்லவில்லை. எழுதினது சரிதான்.

அப்பா தன் கையாலேயே எனக்கு ஈரலை எடுத்து வைத்தார். தின்றேன். அவர் இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. முன்பல் ஒன்று ஆடுகிறது போல. இதெல்லாம் கண்ணில் படுகிறது, மனசில் ஒன்றும் படவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

சாப்பிட்ட பிறகு கையூமைப் புளியமரத்துப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. குச்சியால் மண்ணில் வரி போட்டுக் காட்டினேன். புரிந்ததும் அந்த வரிகளைக் காலால் அழித்துவிட்டான்.

"ஒங்க அத்தாட்ட சொல்லிரு மாப்ளே. இன்னைக்கே சொல்லிரு."

அப்பாவிடமா, இன்றைக்கா? குழம்பு இன்னும் அடுப்பிலேயே இருந்தது.

24 ஜூன்

திண்டுக்கல் காலேஜில் பி.எஸ்ஸி. விண்ணப்பத்துக்குக் கெடு நாளையோடு முடிகிறது. கையூம் தனக்கு வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கி வந்தான். அப்பா வாங்கிப் பார்த்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைக்கக் கூடாதாம். கையூம் என்னையே பார்த்தான். நான் மாட்டுக்குத் தீவனம் வைக்கப் போனேன்.

25 ஜூன்

முடிந்தது.

14 ஜூலை

கையூமுக்கு இன்டர்வியூ கார்டு வந்துவிட்டது. பேகம்பூரிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு இங்கே வரைக்கும் வந்தவன், கார்டை எனக்குக் காட்டவில்லை. சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்தது, நானாக எடுத்துப் பார்த்தேன். நல்லா இருந்தது கார்டு.

எனக்கு வரவில்லை. தபால்காரர் வீட்டைத் தாண்டிப் போகும்போது அப்பா வேலி வரைக்கும் போய் நின்றார்.

18 ஜூலை

மார்க் வந்தது. முப்பத்தொன்று.

அப்பா அந்தத் தாளை அருள்நாதன் சாரிடம் கொண்டுபோனார். சார் தலையில் கைவைத்துக்கொண்டாராம். சாயங்காலம் சாரும் பெரியப்பாவும் வீட்டுக்கு வந்தார்கள். தொண்ணூத்தி நாலு எப்படி முப்பத்தொண்ணு ஆகும் என்று மூன்று பேரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் பெரியப்பாதான் கண்டுபிடித்தார். பேப்பரை மாற்றிவிட்டார்கள். மெட்ராஸில் எவனோ பெரிய இடத்துப் பையனுக்கு என் பேப்பரை வைத்துக்கொண்டு அவன் பேப்பரை எனக்கு வைத்துவிட்டார்கள். சொல்லி முடித்ததும் மூன்று பேருக்கும் முகம் தெளிந்துவிட்டது.

"காட்டுல கெடக்குறவன் மகன்தானன்னு நெனச்சுட்டானுக" என்றார் அப்பா.

19 ஜூலை

மனுவை என்னையே எழுதச் சொன்னார்கள். என் கையெழுத்து அழகாக இருக்குமாம். பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். 'எனது மகன் சரியாக எழுதிய விடைத்தாள் மாற்றப்பட்டுள்ளதாக அறிகிறேன்.' எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. அப்பா கீழே பொன்னுத்துரை என்று கையெழுத்துப் போட்டார். சாரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

21 ஜூலை

கலெக்டர் ஆபீஸில் வேப்பமரத்தடியில் அரைநாள். மனுவைப் பார்த்த கிளார்க் இது இங்கே ஆகாது, மெட்ராஸில்தான் கேட்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை மெட்ராஸ் போவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். மதுரையைத் தாண்டிப் போனதில்லை அவர். ஊர் முழுக்க இதே பேச்சு. பொன்னுத்துரை மெட்ராஸுக்கே நியாயம் கேட்கப் போகிறான். பால் ஊற்ற வந்தவர்கள்கூட என்னைப் பார்த்து "பாவம்" என்கிறார்கள்.

நான் திருட்டுக் கொடுத்தவன் ஆகிவிட்டேன்.

25 ஜூலை

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு இது நடக்கவில்லை என்று நானே நம்பிவிடுவேன்.

பெரியப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. அதனால் அப்பா தனியாகக் கிளம்பினார். வெள்ளை வேட்டி, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டை, மஞ்சள் பையில் மனு, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. வழியனுப்பப் போன நானும் அவரும் திண்டுக்கல் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மெட்ராஸில் ஆபீசரை ஐயா என்று கூப்பிடுவதா சார் என்று கூப்பிடுவதா என்று கேட்டார். சார் என்றேன். சார், சார் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதைத்தான் தாங்க முடியவில்லை. கிடா வெட்டினப்பக்கூட வாயில வரல, அந்த 'சார்'ல வந்துச்சு.

சொல்லிவிட்டேன். பேப்பரை யாரும் மாற்றவில்லை, நான்தான் வரி மாற்றிப் போட்டேன், கம்ப்யூட்டர் வரியைத்தான் பார்க்கும். எல்லாம். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நாற்று நடும்போது ஒரு குழியை விட்டுவிட்டால் வரிசை முழுக்கத் தள்ளிப்போகுமே, அந்த மாதிரியா என்றார். அந்த மாதிரிதான் என்றேன்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே. மதுரையிலேயே."

"கெடா வெட்டயில தெரியுமா?"

"தெரியும்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ரயில் வந்துவிட்டது. எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"டிக்கெட் எடுத்தாச்சு. ஊரு பூராம் சொல்லியாச்சு. போயிட்டு வாரேன். ஆத்தாகிட்ட வாயத் தெறக்காத."

ஏறிப் போய்விட்டார். மனுவையும் எடுத்துக்கொண்டுதான்.

28 ஜூலை

அப்பா திரும்பி வந்துவிட்டார். வீட்டுக்கு வராமல் நேரே டீக்கடைக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன்.

பெரிய ஆபீஸாம், நாலு மாடி. ஆபீசர் கண்ணாடி போட்ட அம்மாவாம், மரியாதையாக உட்காரச் சொன்னாராம். உங்கள் பிள்ளை நன்றாக எழுதியிருப்பான், நம்புகிறேன், ஆனால் பேப்பர் கட்டெல்லாம் மூடி சீல் வைத்தாயிற்று, இனி ஆண்டவன் வந்தாலும் திறக்க முடியாது என்று சொன்னாராம். அந்த அம்மா கண் கலங்கியதாகக்கூடச் சொன்னார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டே மெட்ராஸ்காரர்களைத் திட்டினார்.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதே கிடையாது. மார்க்கெட்டில் பூவின் மேல் தண்ணீர் கூடத் தெளித்து எடை ஏற்ற மாட்டார், அதற்காகவே கேலி செய்வார்கள். அவ்வளவையும் ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

29 ஜூலை

களை எடுக்கும்போது நானே கேட்டேன். ஆபீஸுக்குப் போகவில்லையாம். எழும்பூரில் இறங்கி, வழி கேட்டுக் கடற்கரைக்கு நடந்து போனாராம். அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

"அம்புட்டுத் தண்ணி. ஒரு செடிக்குப் பாச்ச முடியாது" என்றார்.

மனு? தெரியாது. கேட்கவில்லை.

17 ஆகஸ்ட்

கையூம் கோயம்புத்தூர் காலேஜுக்குப் போகிறான். பஸ்ஸில் அவன் டிரங்குப் பெட்டியை நான்தான் ஏற்றினேன். லெட்டர் போடு மாப்ளே என்றான். போடுகிறேன் என்றேன். பஸ் போன பிறகு அங்கேயே செத்த நேரம் நின்றேன். பொறாமையா என்று யோசித்துப் பார்த்தேன். பொறாமைப்படவும் ஒரு தெம்பு வேண்டும் போல.

5 அக்டோபர்

கனகாம்பரம் மூன்று கூடை. இப்போது நான்தான் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறேன்.

13 ஜனவரி 1987

பொங்கல் பூவுக்கு அப்பாவும் கூட வந்தார். எடை போடுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம், "பேப்பர மாத்துனாகள்ல, அந்தப் பையனா இது?" என்று கேட்டார்.

"ஆமா, இவன்தான்" என்றார் அப்பா.

அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் அவரே அதை நம்புகிறாரோ என்று பட்டது. நல்லதுதானே, ஒருத்தராவது நம்பட்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. இந்தப் பொய்யை அவர் எனக்காகக் கட்டினார். நான் இதற்குள்ளேயே கிழவனாகிவிடுவேன்.

9 மார்ச்

டீக்கடையில் யாரோ கேட்டார்கள், இந்த வருசமும் என்ட்ரன்ஸ் விண்ணப்பம் கொடுக்கிறார்களாமே, தம்பி மறுபடி எழுதுதா என்று. நான் பதில் சொல்வதற்குள் பெரியப்பா, "எதுக்கு? திரும்பவும் மாத்தவா?" என்றார். எல்லாரும் ஆமோதித்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன்.

"எழுத மாட்டான். நமக்கெல்லாம் குடுக்க மாட்டானுக" என்றார் அப்பா.

எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டேன். ஒன்பது மாதம் கழித்து அழுகை வந்தது. அம்மா காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் போட்டாள்.

13 மார்ச்

அப்பா இன்று தானே மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று போனார். திரும்பி வந்ததும் காலிக் கூடையைக் கிணற்றடிக்குக் கொண்டுவரச் சொன்னார். ஈரச் சாக்குக்கு அடியில், பாலித்தீன் பையில் சுற்றி, விண்ணப்பம்.

"தேறுனா அப்பறம் பாத்துக்கலாம். அது வரைக்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது."

அம்மாவுக்குமா என்றேன். அம்மாவுக்கும்தான். டியூஷன் கிடையாது. பழைய புத்தகத்தைத் தென்னந்தோப்பில் வைத்துப் படித்துக்கொள் என்றார். வெற்று வட்டம் போட்ட தாள் ஒன்று நீயே கோடு போட்டுத் தயார் பண்ணு என்றும் சொன்னார்.

2 ஏப்ரல்

தோப்பில் வட்டம் போட்டுப் பழகினேன். அப்பா மண்வெட்டியோடு பக்கத்தில் நின்றார். எழுதப் படிக்க அவ்வளவாக வராது, ஆனால் எண் தெரியும். ஒவ்வொரு வரியிலும் நம்பரைச் சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அணில் பயந்து ஓடியது.

16 மே

மதுரைக்கு வெண்டை விதை வாங்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போனோம்.

எழுதினேன்.

வெளியே வந்தபோது எதிர்த்தாற்போல் மரத்தடியில் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. பையன்கள் கூட்டம் கூட்டமாக நின்று விடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, கேள்வித்தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அப்புறம் கீழமாசி வீதிக்குப் போய் நிஜமாகவே வெண்டை விதை வாங்கினோம். விதை இல்லாமல் ஊருக்குள் நுழைய முடியாதே.

திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டில் நாலு பையன்கள். வாடிப்பட்டி வரைக்கும் நாற்பத்து மூன்றாம் கேள்விக்குச் சண்டை. ஒருவன் திரும்பி என்னைப் பார்த்தான். கையிலிருந்த பென்சில் கரியைப் பார்த்திருப்பான்.

"அண்ணே, நீங்களும் எழுதுனீகளா? நாப்பத்து மூணுக்கு என்னண்ணே வரும்?"

"நான் எழுதலப்பா. வெதை வாங்க வந்தோம்."

அப்பா உடனே மஞ்சள் பைக்குள் கைவிட்டு விதைப் பொட்டலத்தை எடுத்து அவனுக்குக் காட்டினார். "வெண்டை" என்றார். அந்தப் பையன் தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான். அவர்கள் கடைசியில் முடிவு செய்த விடை தப்பு.

கொடைரோடு தாண்டிய பிறகு அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"அந்த நாப்பத்து மூணு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"அதோட எடத்துலதானப்பு போட்ட?"

"அதோட எடத்துலதான்."

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். திண்டுக்கல் வரும்வரை நன்றாகத் தூங்கினார்.